பிக்கப் வண்டியும் டீஸல் சிக்கனமும்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது விவசாயத்தின் கடைசி வேலையாகும். உழவு, விதை, எரு, களையெடுப்பு, அறுவடை ஆகிய ஒவ்வொன்றிலும் கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் குடியானவர், இந்தக் கடைசி வேலையில் போகும் பணத்தை மட்டும் விதியின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது நம் ஜில்லாக்களில் சாதாரணமாகக் காணப்படுகிறது. "டீஸல் விலை ஏறிவிட்டது, நாம் என்ன செய்யக்கூடும்?" என்பதே பெரும்பாலோர் சொல்லும் சமாதானம். இச்சமாதானம் பாதி உண்மையே. மறுபாதியை எடுத்துச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை காய்கறி மூட்டைகள் இரட்டைமாட்டு வண்டியிலோ பஸ்ஸின் கூரைமேலோ சந்தைக்குப் போயின. 2005-ஆம் ஆண்டில் டாட்டா கம்பெனியார் இரண்டு சிலிண்டர் டீஸல் எஞ்சினுடன் சிறு சரக்கு வண்டியை வெளியிட்டபின் நிலைமை விரைவில் மாறியது. நம் ஜனங்கள் அவ்வண்டிக்குக் 'குட்டி யானை' என்று செல்லப் பெயரும் சூட்டிவிட்டார்கள். அதனினும் பெரிய பிக்கப் வண்டிகள் ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரத்தைத் தோட்டத்து வரப்பிலிருந்தே ஏற்றிச் செல்கின்றன. இவ்வண்டிகளால் விளைந்த நன்மை சிறிதன்று. ஆயினும் மாட்டுக்குத் தீனி நம் நிலத்தில் விளைந்தது. பிக்கப் வண்டியின் தீனியோ கடல் கடந்து வருகிறது. நம் தேசத்துக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்தே வாங்கப்படுகிறது. டீஸல் விலையின்மேல் இருந்த சர்க்கார் கட்டுப்பாடு 2014-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நீக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தினந்தோறும் விலை நிர்ணயிக்கும் முறையும் தேசம் முழுவதும் வந்தது. ஆகவே லிட்டர் என்ன விலை என்பது குடியானவர் கையில் இல்லை. ஆனால் ஒரு லிட்டரில் எத்தனை கிலோமீட்டர் ஓடுவது என்பது பெரிதும் அவர் கையிலேயே இருக்கிறது.

நஷ்டத்தின் அளவு

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு முருங்கையும் தக்காளியும் அனுப்பும் ஒரு விவசாயியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவருடைய கிராமம் சந்தையிலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வண்டி மாதத்தில் 25 நாள் போய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், மாத ஓட்டம் 2,000 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் ஏறக்குறைய 167 லிட்டர் வேண்டும். அதே வண்டி 14 கிலோமீட்டர் கொடுத்தால் 143 லிட்டர் போதும். வித்தியாசம் 24 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் எனக் கணக்கிட்டால் மாதம் சுமார் 2,200 ரூபாய். வருஷத்துக்கு 26,000 ரூபாய்க்குக் குறையாது. இது எந்தப் பயிரின் விலை உயர்வாலும் வந்ததன்று. புது எஞ்சின் வாங்கியதாலும் வந்ததன்று. தக்காளிப் பெட்டி விலை போகாமல் பறிகூலிக்கும் காணாத மாதங்களில், இந்தத் தொகை வண்டிக்கடனின் ஒரு பகுதியையாவது அடைக்கும்.

லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுவது ஓட்டும் பழக்கத்தால் மட்டும் சாத்தியமா என்று சிலர் சந்தேகிக்கலாம். அமெரிக்க எரிசக்தி இலாகாவார் தங்கள் நாட்டு மோட்டார் வண்டிகளைப் பற்றிச் சொல்லும்போது, திடீர் வேகமும் திடீர் பிரேக்குமாக ஓட்டினால் நெடுஞ்சாலையில் நூற்றுக்கு 15 முதல் 30 பங்கு வரையிலும், நின்று நின்று ஓடும் இடங்களில் 10 முதல் 40 பங்கு வரையிலும் மைலேஜ் குறையக்கூடும் என்று அறிவித்திருக்கிறார்கள். அவர்கள் நாட்டுக் கணக்கு நம் நாட்டு டீஸல் பிக்கப்புக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாது. எனினும் நம் உதாரணத்தில் கேட்பது நூற்றுக்கு 17 பங்குதான். கெட்ட பழக்கத்தில் ஊறிய வண்டியில் அதைப் பெறுவது அசாத்தியமன்று.

நம் அபிப்பிராயம் இதுவே: டீஸலை மிச்சம் பிடிப்பது சாரதியின் பாதம், ஆனால் அந்தப் பாதத்தை அவசரப்படுத்துவதும் நிதானப்படுத்துவதும் வண்டியின் சொந்தக்காரர். ஆகையால் சாரதியைக் குறைகூறுமுன் சொந்தக்காரர் தம் ஏற்பாடுகளைச் சீர்செய்துகொள்ள வேண்டும்.

பிரேக்கில் கரையும் பணம்

எண்ணெய் எரிவது எஞ்சினில் என்றாலும், அது வீணாவது பெரும்பாலும் பிரேக்கில்தான். பாரத்துடன் 3,000 கிலோ எடையுள்ள வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர, எஞ்சினில் ஏற்படும் இயற்கை நஷ்டத்தையும் சேர்த்து, உத்தேசமாக 35 மில்லிலிட்டர் டீஸல் செலவாகிறது. அதன் விலை சுமார் மூன்று ரூபாய். இந்த வேகம் வண்டிக்குள் சேமித்து வைத்த பணம் போன்றது. பாதத்தை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டால் அந்தச் சேமிப்பைக் கொண்டே வண்டி வெகுதூரம் ஓடும். பிரேக்கை மிதித்தாலோ அத்தனையும் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடும். முற்றிலும் நிறுத்த வேண்டும் என்பதுகூட இல்லை. 60-லிருந்து 20-க்கு இறக்கினாலே ஒன்பதில் எட்டுப் பங்கு போய்விடும். சந்தைக்குப் போகும் வழியில் முப்பது தடவை இப்படிப் பிரேக் போட்டால் ஒரு லிட்டர் டீஸல் பிரேக் கட்டையில் கரைந்ததாக அர்த்தம்.

ஆகவே முதல் விதி, முன்கூட்டிப் பார்த்து ஓட்டுவது. முன்னே வேகத்தடை தெரிகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, ஆட்டு மந்தை ரஸ்தாவைக் கடக்கிறது, ரயில்வே கேட் மூடியிருக்கிறது என்று கண்டவுடன் பாதத்தை எடுத்துவிட வேண்டும். கிட்டே போன பிறகு பிரேக்கை அழுத்துவது கூடாது. நல்ல வண்டிக்காரர் தார்க்குச்சியால் மாட்டைக் குத்தி ஓட்டி, பிறகு மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுக்கமாட்டார். மேடு வருமுன் மாட்டைச் சற்றே விரைவுபடுத்தி, இறக்கத்தில் தானாக வரவிட்டு, ஊருக்குள் நுழையும்போது நிதானப்படுத்துவார். மோட்டார் வண்டிக்கும் அதே சாமர்த்தியந்தான் தேவை. முன்செல்லும் வண்டிக்கும் நம் வண்டிக்கும் போதிய இடைவெளி விடுவது இதற்கு மிகவும் உதவும். இடைவெளி இல்லாதவர் முன்வண்டியின் ஒவ்வொரு பிரேக்குக்கும் தாமும் கட்டணம் செலுத்துகிறார்.

வேகமும் நேரமும்

இரண்டாவது விதி, வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்வது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் எதிர்ப்பைவிட 80 கிலோமீட்டர் வேகத்தில் நூற்றுக்கு 78 பங்கு அதிகம். பிக்கப் வண்டி காற்றைக் கிழித்துச் செல்லும் உருவம் உடையதன்று. பின்புறம் பெட்டிகளை உயர அடுக்கித் தார்ப்பாயைத் தளர்வாகக் கட்டினால் அது பாய்மரம்போல் காற்றைப் பிடித்துக்கொள்ளும். 50 முதல் 60 கிலோமீட்டர் வரை சீராக, மேல் கியரில், ஏற்ற இறக்கமில்லாமல் ஓட்டுவதே பாரவண்டிக்கு ஏற்றது.

இதனால் நேரம் வீணாகுமே என்பது வழக்கமான ஆட்சேபம். 40 கிலோமீட்டரை 60 வேகத்தில் கடக்க 40 நிமிஷம். 80 வேகத்தில் 30 நிமிஷம். ஆக மிகுதியாகக் கிடைக்கக்கூடியது பத்தே நிமிஷம். அதுவும் வழியில் ஒரு ஊரோ, வளைவோ, ரயில்வே கேட்டோ இல்லாவிட்டால்தான். நம் ரஸ்தாக்களில் உண்மையாகக் கிடைப்பது ஐந்து நிமிஷமும் இராது. அந்த ஐந்து நிமிஷம் மண்டி வாசலில் வரிசையில் நிற்கும்போது செலவாகிவிடுகிறது.

வேகத்தைக் குறைத்து எரிபொருளை மிச்சம் பிடிப்பது ஏழை நாடுகளின் யோசனை என்று எண்ண வேண்டாம். மோட்டார் வண்டிக்குப் பேர்போன அமெரிக்காவில் 1942-ஆம் ஆண்டு யுத்த காலத்தில் ரப்பரை மிச்சப்படுத்துவதற்காக மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் வேகத்துக்கு மேற்படக் கூடாதென்று விதித்தார்கள். 1973-ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியபின், 1974-ல் அந்நாட்டிலேயே 55 மைல் வரம்பு சட்டமாக வந்து, 1995 வரை நீடித்தது. நம் மாகாணத்திலும் யுத்த காலத்தில் பெட்ரோல் பங்கீட்டு முறை வந்து, பஸ்கள் கரிவாயுவால் ஓடியதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பஞ்சம் வந்தபின் கற்றுக்கொள்ளும் சிக்கனத்தை, பஞ்சம் இல்லாதபோதே கைக்கொள்வது புத்திசாலித்தனம்.

கியரும் கிளட்சும்

டீஸல் எஞ்சினின் இழுப்புச் சக்தி குறைந்த சுற்றுகளிலேயே கிடைத்துவிடும். பெட்ரோல் வண்டியைப்போல் அதை உறும விடவேண்டிய அவசியம் இல்லை. சமதரையில் நிமிஷத்துக்கு 2,000 சுற்று அளவில் அடுத்த மேல் கியருக்கு மாற்றிவிடலாம். சுற்றுமானி இல்லாத வண்டியில் காதே மானி. எஞ்சின் உரக்கக் கத்தத் தொடங்குமுன் கியர் மாற்ற வேண்டும். அதற்காக மேட்டில் மேல் கியரிலேயே திணறவிடுவதும் தவறு. எஞ்சின் தடதடவென்று குலுங்கினால் அது கீழ் கியரைக் கேட்கிறது என்று அறிய வேண்டும். அவ்வாறு திணறும் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை அடித்தட்டுவரை மிதிப்பவர் கரும்புகையைத்தான் பெறுவார். கரும்புகை என்பது முற்றும் எரியாத எண்ணெயேயாகும்.

சில சாரதிகள் இடது பாதத்தை எந்நேரமும் கிளட்சின்மேல் வைத்திருக்கிறார்கள். இதனால் கிளட்ச் அரைகுறையாக நழுவி, எண்ணெயும் வீணாகிக் கிளட்ச் தட்டும் சீக்கிரம் தேய்கிறது. இதை இளவயதிலேயே திருத்திக்கொள்ள வேண்டும்.

நின்றபடி ஓடும் எஞ்சின்

மண்டியில் பாரம் இறக்கும்வரை, டீக்கடையில், களத்தில் பெட்டி ஏற்றும்போது எஞ்சினை ஓடவிட்டபடி நிற்பது மிகப் பரவலான வழக்கம். நின்றபடி ஓடும் சிறு டீஸல் எஞ்சின் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். தினம் ஒரு மணி நேரம் இப்படி நின்றால் மாதத்தில் 12 முதல் 25 லிட்டர் வரை ஓரடியும் நகராமல் தீர்ந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்ய அதிக எண்ணெய் பிடிக்கும் என்பது பழங்கால எண்ணம். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், ஒரு நிமிஷத்துக்குமேல் நிற்க நேரும்போதெல்லாம் எஞ்சினை நிறுத்துவதே லாபம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. டர்போ பொருத்திய எஞ்சினைக் கனமான பாரத்துடன் மேடு ஏறியவுடனே நிறுத்தக் கூடாது. அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரை மெதுவாக ஓடவிட்டு டர்போவின் சூட்டைத் தணித்துப் பிறகு நிறுத்த வேண்டும். காலையில் வண்டியை எடுக்கும்போது வெகுநேரம் சூடேற்றுவது நம் சமவெளியின் உஷ்ணத்தில் அனாவசியம். சில விநாடிகள் கழித்து நிதானமாகக் கிளம்பினால் போதும். மேலும் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்பனையான புகைக்கட்டுப்பாட்டு வண்டிகள் பலவற்றில் கரிப்புகையைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. வெகுநேரம் நின்றபடி ஓடுவதால் அவ்வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை எரித்துச் சுத்தப்படுத்த வண்டி கூடுதல் டீஸலைத் தானே செலவழிக்கும். ஆகையால் புது வண்டியில் இவ்வழக்கத்தின் நஷ்டம் இரட்டிப்பாகும்.

சிக்கனம் அல்லாத சிக்கனம்

இங்கே உயிர் சம்பந்தமான ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சினையே நிறுத்தி உருளவிட்டாலோ டீஸல் மிச்சமாகும் என்ற எண்ணம் சாரதிகளிடையே வேரூன்றியிருக்கிறது. சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றி வருபவரும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்துடன் இறங்குபவரும் இப்படிச் செய்தால் அதன் முடிவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த எண்ணம் அபாயகரமானது மாத்திரமன்று, கணக்கிலும் பொய். வண்டி கியரில் இருக்க, ஆக்ஸிலரேட்டரிலிருந்து பாதத்தை எடுத்துவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. அப்போது பழைய பம்ப் முறையிலும் சரி, புதிய மின்கட்டுப்பாட்டு முறையிலும் சரி, டீஸல் செல்வது அறவே நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாமல் இருப்பதற்காக டீஸல் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே சரிவில் கியரில் இறங்குபவருக்குச் செலவு ஒன்றுமில்லை. நியூட்ரலில் இறங்குபவருக்குத்தான் செலவு. எஞ்சினை நிறுத்திவிட்டால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட சக்தி இரண்டு மூன்று மிதிப்பில் தீர்ந்துபோகும். ஸ்டீயரிங் இரும்புபோல் கனக்கும். எஞ்சினின் தடுப்பு இல்லாததால் பிரேக் ஓயாமல் வேலைசெய்து, சூடேறி, பிடிப்பை இழந்துவிடும். எந்த கியரில் மலை ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய விதி இன்றும் மாறவில்லை. மைலேஜ் கூடவேண்டும் என்று சாரதியை நெருக்கும் சொந்தக்காரர், இந்த விதியை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்ல வேண்டும்.

சந்தையில் விற்கும் காந்தக் கட்டைகள், தூள்கள், மாத்திரைகள் ஆகியவற்றையும் நம்ப வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவார் இத்தகைய சாதனங்களில் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்து, பிரயோஜனம் தருபவை மிகமிகச் சிலவே என்று கண்டார்கள். அந்தச் சிலவற்றின் பயனும் சொற்பமே.

டயரும் பாரமும் பராமரிப்பும்

ஓட்டும் பழக்கம் எவ்வளவு சிறந்ததாயினும், டயரில் காற்று இல்லாவிட்டால் பயனில்லை. காற்றுக் குறைந்த டயர் தரையில் நசுங்கி உருளும். அதன் ஓரங்கள் தேயும். சூடேறி வெடிக்கவும் கூடும். வாரம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடேறுமுன் காலையில், கம்பெனியார் கதவோரத்தில் பொறித்திருக்கும் அளவுப்படி காற்றுப் பிடிக்க வேண்டும். வெறும் வண்டிக்கு ஓர் அளவும் பாரவண்டிக்கு ஓர் அளவும் குறித்திருந்தால் அதை அனுசரிக்க வேண்டும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்துவிடும். காற்று வடிகட்டியைப் புழுதி மிகுந்த நம் தோட்டத்து வழிகளில் ஓடும் வண்டிகளுக்குப் புத்தகத்தில் சொன்னதைவிட அடிக்கடி கவனிப்பது நன்று.

சில புது வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்க யூரியாக் கரைசல் ஊற்றும் தொட்டி இருக்கிறது. வீட்டில் இருக்கும் உர யூரியாவையே தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன என்று விவசாயிக்குத் தோன்றுவது இயல்பு. அவ்விதம் ஒருபோதும் செய்யக் கூடாது. அக்கரைசல் மிகவும் சுத்தமான யூரியாவை நூற்றுக்கு 32.5 பங்கு கொண்டது. நம் உர மூட்டையிலுள்ளதோ வேப்பெண்ணெய் பூசப்பட்டது. அதை ஊற்றினால் குழாய்களும் சுத்திகரிப்புச் சாதனமும் பாழாகும். மிச்சம் பிடித்த சில ரூபாய்க்குப் பல்லாயிரம் ரூபாய் தண்டமாகும்.

அதிகப் பாரத்தைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. இரண்டு நடைக்கு உரிய பாரத்தை ஒரே நடையில் ஏற்றுவது சிக்கனம்போல் தோன்றும். ஆனால் பட்டைகள், டயர்கள், பிரேக்குகள் அதன் விலையைப் பிறகு வாங்கிக்கொள்ளும். 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு வருஷத்து டீஸல் மிச்சம் ஒரே நாளில் போவதற்கு இதைவிட வேறு வழி இல்லை. இதற்கு மாறாக அரைவண்டிப் பாரத்துடன் போவதும் நஷ்டமே. பாரம் பாதியானதால் டீஸல் பாதியாகிவிடாது. அடுத்தடுத்த தோட்டக்காரர் இருவர் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்புவதும், திரும்பி வரும்போது வெறுமனே வராமல் கூட்டுறவுச் சங்கத்து உர மூட்டைகளை ஏற்றி வருவதும், எந்த ஓட்டும் பழக்கத்தையும்விடப் பெரிய மிச்சம் தரக்கூடியவை.

சொந்தக்காரரின் கடமை

இனி இக்கட்டுரையின் முக்கிய விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை அநுபவமுள்ள சாரதிகள் முன்பே அறிவார்கள். அறிந்தும் அவர்கள் ஏன் அவ்வாறு ஓட்டுவதில்லை? இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, காலதாமதம். காய் பறிக்க ஆள் வருவது தாமதம். தரம் பிரிப்பது தாமதம். சாக்கும் பெட்டியும் கடைசி நேரத்தில் தேடுவது. ஏலம் தொடங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போது வண்டியை அவிழ்த்துவிட்டு, "சீக்கிரம் போய்ச் சேர்" என்று சாரதியை விரட்டுகிறோம். தோட்டத்தில் தொலைத்த அரை மணி நேரத்தை ரஸ்தாவில் தேடச் சொல்வது என்ன நியாயம்? ஏலம் தவறினால் அன்றைய விலை போய்விடும் என்பது மெய்தான். அதற்குப் பரிகாரம் அரை மணி நேரம் முன்னதாகப் பறிப்பை முடிப்பதேயன்றி, வண்டியைப் பறக்கவிடுவது அன்று.

இரண்டாவது, கூலி கொடுக்கும் முறை. நடைக்கு இவ்வளவு பேட்டா என்று கொடுத்தால், நடைகளைக் கூட்டுவதே சாரதியின் குறியாக இருக்கும். டீஸல் முதலாளியுடையது, நேரம் தன்னுடையது. இந்நிலையில் அவர் நேரத்தை மிச்சம் பிடிப்பதைக் குறைகூற முடியாது.

மூன்றாவது, கணக்கு இல்லாமை. வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கேட்டால், வாங்கிய அன்று விற்பனைக்காரர் சொன்ன எண்ணைச் சொல்பவர்களே அதிகம். கணக்கு இல்லாத இடத்தில் சந்தேகம் குடிபுகும். மைலேஜ் குறைந்தால் மெக்கானிக் சரியில்லை என்றும், பங்க்கில் அளவு குறைவு என்றும், சாரதி டீஸலை விற்றுவிடுகிறார் என்றும் பேச்சு எழும். நாணயமான சாரதியும் இப்பேச்சால் மனம் கசந்து வேலையை விட்டுப்போகிறார்.

பரிகாரம் எளிது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரே பங்க்கில், டீஸல் விழுவது தானாக நின்றவுடன் நிறுத்தி, டாங்க் நிறையப் போட வேண்டும். அப்போது வண்டி காட்டும் கிலோமீட்டரைக் குறிக்க வேண்டும். அடுத்த முறையும் அதே பங்க்கில் அதே விதமாக நிறைத்து, இடையில் ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மை மைலேஜ் கிடைக்கும். ஒரு தடவைக் கணக்கை நம்பாமல் மூன்று தடவைச் சராசரியை எடுக்க வேண்டும். தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய், ஏற்றிய பாரம் என ஐந்து கலங்கள் இருந்தால் ஒரு வருஷத்தில் வண்டியின் ஜாதகமே கையில் இருக்கும். மைலேஜ் திடீரென்று விழுந்தால் டயரா, வடிகட்டியா, பிரேக்கா என்று தேட நாளும் தெரியும். இப்புத்தகத்தைச் சாரதியே எழுதி, மாதம் ஒரு முறை இருவரும் உட்கார்ந்து பார்ப்பது உத்தமம்.

இரண்டு மாதக் கணக்கைக் கொண்டு வழக்கமான மைலேஜை நிர்ணயித்தபின், அதற்குமேல் மிச்சமாகும் டீஸலின் விலையில் சரிபாதியைச் சாரதிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் துணிந்த அபிப்பிராயம். மேலே கண்ட உதாரணத்தில் மாதம் 1,100 ரூபாய் சாரதிக்கும், அதே அளவு சொந்தக்காரருக்கும் கிடைக்கும். "நம் டீஸலை மிச்சப்படுத்துவது அவருடைய வேலைதானே, அதற்குப் பங்கு எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. வாரக்குடிக்கு விளைச்சலில் பங்கு இருப்பதனால்தான் அவன் வரப்பு உடையாமல் காக்கிறான் என்பதை நிலச்சுவான்தார்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா? பங்கு கொடாதவருக்கு மிச்சமாவது முழு 2,200 ரூபாய் அன்று, ஒன்றுமேயில்லை. ஆனால் மைலேஜ் குறைந்த மாதத்தில் சம்பளத்தில் பிடிப்பது கூடாது. மழையும், பழுதான ரஸ்தாவும், கூடுதல் பாரமும் சாரதியின் குற்றமல்ல. அன்றியும், பிடித்தம் வரும் என்ற பயமே மலைச்சரிவில் நியூட்ரலைத் தேடும்படி செய்துவிடும். தாமே வண்டி ஓட்டும் சிறு விவசாயிக்கும் இப்புத்தகம் பயன்படும்; அவருக்கு இரு பங்கும் அவருடையதே.

கிராம அதிகாரிகளுக்கு

பஞ்சாயத்துத் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இவ்விஷயத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. ஊர்க்காரர் தம் இஷ்டப்படி எழுப்பிய வேகத்தடைகள் பல, வர்ணமோ பலகையோ இல்லாமல் இருட்டில் திடீரென்று எதிர்ப்படுகின்றன. பள்ளிக்கூடத்துக்கு முன்பும் நாற்சந்தியிலும் வேகத்தடை அவசியமே. குழந்தையின் உயிருக்குமுன் டீஸல் ஒரு பொருட்டன்று. ஆனால் தேவையான தடைக்கு வெள்ளை வர்ணமும் முன்னறிவிப்புப் பலகையும் இருந்தால் சாரதி தூரத்திலேயே பாதத்தை எடுப்பார். ஆபத்தும் குறையும், எண்ணெயும் மிஞ்சும். தேவையற்ற தடைகளை ரஸ்தா இலாகாவின் அனுமதி பெற்று நீக்குவது நன்று.

வளைவுகளில் சீமைக்கருவேலம் மண்டி எதிர்வரும் வண்டியை மறைத்தால், ஒவ்வொரு வண்டியும் அங்கே பிரேக் போட்டே தீர வேண்டும். வருஷத்தில் இரண்டு முறை அவற்றை வெட்டி வைத்தால் ஊருக்கு வரும் எல்லா வண்டிகளுக்கும் லாபம். அறுவடைக் காலத்தில் சோளத்தையும் கம்பையும் தார் ரஸ்தாவில் பரப்பிக் காயவைக்கும் வழக்கத்தையும், பொதுக்களங்கள் கட்டிக்கொடுத்து நிறுத்த வேண்டும். இவ்வழக்கத்தால் இருசக்கர வண்டிக்காரர்கள் சறுக்கி விழுவதோடு, பாரவண்டிகள் நின்று நின்று போகவும் நேருகிறது.

முடிவுரை

டீஸல் எஞ்சின் மனிதன் செய்த எந்திரங்களில் சிக்கனமானவற்றுள் ஒன்று. ருடால்ப் டீஸல் என்னும் ஜெர்மானிய எஞ்சினீயர் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் அதை ஓட்டிக் காட்டியபோது, எண்ணெயின் உஷ்ணத்தில் கால் பங்குக்கு மேல் வேலையாக மாற்றி, அக்காலத்து நீராவி எஞ்சின்களை வெகுதூரம் பின்தள்ளியது. அவ்வளவு சிக்கனமான எந்திரத்தை வாங்கிவந்து, அவசரத்தாலும் கணக்கின்மையாலும் ஊதாரியாக்குவது நம்முடைய செய்கையேயாம்.

ஆகவே விவசாயப் பெருமக்கள் இம்மாதமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி டீஸல் கணக்கைத் தொடங்குவார்களாக. பறிப்பை அரை மணி நேரம் முன்னதாக முடித்து வண்டியை அனுப்புவார்களாக. மிச்சத்தில் சாரதிக்குப் பங்கு என்று வாயால் சொல்வதோடு நில்லாமல், முதல் மாதமே கையில் கொடுப்பார்களாக. இம்மூன்றும் நடந்தால், சாரதிக்கு நாம் சொல்ல வேண்டிய புத்திமதி வெகு சொற்பமாகவே இருக்கும்.